இலவசக் குடையும் மலிவு லைட்டரும்

தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்து நேரே இந்தக் கோவில்பட்டித் திடலுக்கு வந்திருக்கிற தோழர்களே!

“மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறோம், இதில் நாடு எங்கே வந்தது?” என்று கேட்கிறார்கள். அதற்கு நம் தூத்துக்குடித் துறைமுகம் நூறாண்டுக்கு முன்பே பதில் கண்டது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புக்குக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். கடைசியில் வெள்ளைக்காரர்கள், “காசே வேண்டாம், ஏறிக்கொள், கூடவே ஒரு குடையும் வாங்கிக்கொள்” என்றார்கள்! கொடுக்கும்போது ஏழைப் பயணிக்கு இலாபமாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் அந்த விலைப்போர், மறுபக்கம் அரசாங்கத்தின் அடக்குமுறை. வ.உ.சி. சிறையில் செக்கிழுத்த காலத்தில் கம்பெனி நொடித்தது. எதிரி ஒழிந்த பிறகு யாராவது குடை கொடுப்பானா?

இன்றைக்கு அந்தக் குடை, சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் லைட்டர்!

ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் விற்பனையைத் தின்றுவிடுகிறது என்பது தொழில் நடத்துகிறவர்கள் சொல்லும் கணக்கு. அந்த இருபது பெட்டியில் எத்தனை கை பட்டிருக்கிறது என்பது என் கணக்கு. குச்சி அடுக்கிய கை, மருந்து முக்கிய கை, பெட்டி ஒட்டிய கை, அறுநூறு பெட்டியை எண்ணிப் பண்டல் கட்டிய கை. பெரும்பாலும் பெண்களின் கை. மழை பொய்த்துக் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும் ஆண்டிலும் கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் எட்டயபுரத்திலும் உலை கொதித்தது என்றால் இந்தக் கைகளால்தான். லைட்டர் காலியானால் தூக்கி எறிகிறோம். அந்தப் பிளாஸ்டிக் மட்டும் நம் மண்ணிலேயே கிடக்கிறது.

இந்தத் தொழிலும் யாரும் தானமாகத் தந்ததல்ல. ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் சந்தையை ஆண்ட காலத்தில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்து வளர்த்த தொழில் இது. நாம் விலையேற்றிக் கொள்ளையடித்தோமா? பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டியை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆக்கினோம்.

அயல்நாட்டுப் பொருள் எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தச் சொல்ல நான் வரவில்லை. நம்மிடம் இல்லாத மருந்தும் இயந்திரமும் வரட்டும். இங்கே லட்சக்கணக்கான பேர் செய்யத் தெரிந்த ஒன்றை, அவர்களைப் பட்டினி போடுவதற்கென்றே ஏன் இறக்க வேண்டும்?

ஒன்றிய அரசு 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. வரவேற்றோம். உடனே உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் அதையும் தடுத்தார்கள். பிறகும் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிறதே, அது எந்த வழியாக வந்தது? துறைமுகத்தில் பிடியுங்கள், குடோனில் பிடியுங்கள். கடைக்கார அண்ணாச்சியின் கழுத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்!

முன்வரிசையில் இருக்கும் முதலாளிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கை தட்டினீர்கள், நன்றி. ஆனால் கப்பல் விட்ட அதே வ.உ.சி.தான் 1908-ல் தூத்துக்குடியின் கோரல் நூற்பாலைத் தொழிலாளிகளைத் திரட்டி, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் நடத்தினார். அவருடைய சுதேசியில் தொழிலாளியின் வயிறும் சேர்ந்திருந்தது. லைட்டர் ஒழிந்து ஆர்டர் திரும்பும்போது, இந்தப் பெண்களின் கூலியில் எத்தனை ரூபாய் கூடும்? இதே மேடைக்கு வந்து, இதே ஒலிபெருக்கியில், அவர்கள் காதுபட அறிவியுங்கள்!