நம்ம தெருவும் பாரம்பரியம்தான்: காலடிப்பேட்டைக்கு ஒரு பட்டியல்

(காலடிப்பேட்டையில் நடந்த குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியவர்களே, தாய்மார்களே, வேலைக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே! "பாரம்பரியக் கட்டடங்களும் உள்ளாட்சியும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பலருக்கும் ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் ஸ்டேஷன் எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். "நம்ம பேட்டையில அப்படி என்னங்க இருக்குது?" என்று ஒரு அம்மா வாசலிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஊர்ப் பெயரைப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டபோது, காலடிப்பேட்டை என்ற பெயர் ஸ்டேஷன் பலகையில் ஏறியது. யாருடைய காலடி அது? 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்ற ஐந்து கிராமங்கள் 1708-இல் நவாப் மூலம் கம்பெனிக்குக் கிடைத்தன, பிறகு கைவிட்டுப் போயின. காலட் காலத்தில்தான் அவை மறுபடி கம்பெனியின் கைக்கு வந்தன. சென்னையில் கம்பெனியின் முக்கிய வியாபாரம் துணி. துணி வேண்டுமென்றால் நெசவாளர் வேண்டும். அவர்களைக் குடியமர்த்த திருவொற்றியூர் பக்கத்தில் உருவாக்கிய பேட்டைக்குக் காலட் பேட்டை என்று பெயர் வந்தது. அது நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் இந்த ஆளுநருக்கும் தொடர்பு சொல்லும் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காஞ்சி வரதரிடம் பக்தி கொண்ட தன் ஊழியருக்காக வெள்ளைக்காரத் துரை கட்டிக் கொடுத்தார் என்பது கதை. கதையில் எவ்வளவு வரலாறு என்று ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முந்நூறு ஆண்டுக்கு முன் தொழிலுக்காக உருவாக்கிய ஒரு குடியிருப்பு, கோயிலும் சன்னதித் தெருவும் வீடுகளுமாக இன்னும் மக்கள் வாழும் இடமாக இருக்கிறது. பாரம்பரியம் என்று சொல்ல இது போதாதா?

யார் எதைப் பாதுகாக்கிறார்கள்?

மக்களுக்கு இதில் நிறைய குழப்பம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மத்திய தொல்லியல் துறை 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னங்களைப் பார்த்துக்கொள்கிறது. மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களில் திருப்பணி செய்வதற்குத் தனி விதிமுறைகள் உண்டு. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

இந்த மூன்றிலும் வராதவை என்ன ஆவது? பழைய பள்ளிக்கூடம், சத்திரம், கிடங்கு, திண்ணை வீடு? இவற்றுக்காகத்தான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில், அதாவது சி.எம்.டி.ஏ.வில், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. கட்டடம் இடிக்கவும் மாற்றிக் கட்டவும் விண்ணப்பம் வந்து சேரும் இடம் மாநகராட்சி. ஆக, பட்டியல் எங்கே தயாரானாலும், கதவருகே நிற்கும் காவலாள் உள்ளாட்சிதான்.

சென்னையில் இந்தப் பேச்சு வலுப்பெற்றதற்கு ஒரு வழக்கு காரணம். அண்ணா சாலையில் 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-இல் உயர் நீதிமன்றம் அதை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்திருந்த பழைய கட்டடங்களின் பட்டியலும் அதன் பிறகு கவனம் பெற்றது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கட்டடம் கூரை சிதைந்தபடியே நின்றது. இடிக்கத் தடை போடுவது பாதி வேலை. பழுது பார்ப்பது மறுபாதி.

புதுச்சேரியில் இது இன்னும் கசப்பாக நடந்தது. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம், மேரி என்பார்கள், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதன் அருமை தெரியாமல் யாரும் இல்லை. பழுது பார்க்க வேண்டும் என்ற பேச்சும் இருந்தது. மழைதான் முந்திக்கொண்டது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது புதுக் கட்டடம்.

நம் வடசென்னையில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பாழடைந்து கிடந்ததை 2005-இல் சீரமைத்தார்கள். வேலை நடந்ததால் இன்றும் நிற்கிறது.

"பட்டியல்ல வந்தா வீட்டை விக்க முடியாதாமே?"

இனி வீட்டுக்காரர்களின் பயத்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் பாரம்பரியம் பேசினால் அது வெறும் உபதேசம்.

மெட்ரோ வந்த பிறகு இங்கே மனையின் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பங்காளி இருக்கிற வீடு. ஒருத்தர் பெண்ணுக்குக் கல்யாணம், இன்னொருத்தருக்குக் கடன். மேல்கூரை ஒழுகுகிறது. இந்த நேரத்தில் ஒருவர் வந்து "இது பாரம்பரிய வீடு, தொடாதீங்க" என்றால் கோபம் வராதா? வரும். அது நியாயமான கோபம்.

பட்டியலில் சேர்ப்பதால் சொத்து அரசுக்குப் போய்விடாது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கட்டுப்பாடு வருவது இடிப்பதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும்தான். அதிலும் எல்லாக் கட்டடமும் ஒன்றல்ல. இந்திய நகரங்களில் பொதுவாகத் தரம் பிரிக்கிறார்கள். முதல் தரத்தில் உள்ளதை அநேகமாக மாற்றவே முடியாது. இரண்டாம் தரத்தில் உள்ளே மாற்றிக்கொள்ளலாம், முகப்பைக் காக்க வேண்டும். மூன்றாம் தரத்தில் தெருவின் சாயல் கெடாமல் இன்னும் தாராளமாக மாற்றலாம். நம் தெரு வீடுகளில் பெரும்பாலானவை மூன்றாவதில்தான் வரக்கூடும்.

ஆனாலும் உரிமையாளருக்கு ஓர் இழப்பு இருக்கிறது. மூன்று மாடி கட்டக்கூடிய இடத்தில் ஓட்டு வீட்டைக் காப்பாற்றுகிறார் என்றால், ஊருக்காக அவர் ஒரு பங்கு கொடுக்கிறார். அந்தப் பங்கை ஊரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மும்பையில் 1995-ஆம் ஆண்டு விதிகளிலேயே, பயன்படுத்த முடியாமல் போகும் கட்டுமான உரிமையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்பைச் சீரமைக்கும் செலவை உரிமையாளர்களோடு திட்டமும் பகிர்ந்துகொண்டது. அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அங்கே இருந்தவையும் அரண்மனைகள் அல்ல. நம்மைப் போன்றவர்கள் குடியிருந்த வீடுகள்தான்.

காசில்லாத உதவிகளும் உண்டு. இந்த வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. கடற்காற்று அடிக்கும் ஊரில், சுவர் பூத்துவிட்டது என்று சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிவிடும். இரண்டு மழைக்காலம் போனால் பூச்சோடு செங்கல்லும் உதிரும். சரியான கொத்தனாரைக் காட்டிக் கொடுத்தாலே பாதி வீடுகள் தப்பிக்கும். அதேபோல் சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எத்தனை திண்ணை தெருவுக்குச் சமமாகிவிட்டது, பாருங்கள். மழைத் தண்ணீர் நேரே ரேழிக்குள் வருகிறது. சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசே அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அதைக் கேட்டு நில்லுங்கள். ஒரு பழைய வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேண்டியதில்லை.

நாளைக்கே செய்யக்கூடியவை

முதலாவது, கணக்கெடுப்பு. தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் போதும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு முகப்பு, திண்ணை, தூண், கதவு, கூரை ஆகியவற்றைப் படம் எடுங்கள். எந்த ஆண்டு கட்டியது, யார் என்ன தொழில் செய்தார்கள், இப்போது என்ன பழுது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அங்கே போங்கள். வீடு இன்னும் பத்து வருஷம் நிற்கலாம், அவர்கள் சொல்ல இருப்பார்களா என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, ஆதாரம். பழைய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, கல்வெட்டு, கல்யாண போட்டோ எல்லாமே ஆதாரம்தான். கம்பெனி காலத்து ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

மூன்றாவது, பகுதி சபை. நகர்ப்புறத்தில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குப்பை, தெருவிளக்கு பேசும் அதே இடத்தில் இதையும் பேசுங்கள். தீர்மானமாகக் கொண்டுவந்து கவுன்சிலர் வழியாக மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கணக்கெடுத்த தாள்களை இணைத்து, சி.எம்.டி.ஏ. பாரம்பரியக் குழுவுக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரு மனு கொடுங்கள். வெறும் கையெழுத்து மனுவைவிட, நாற்பது வீட்டு விவரத்தோடு போகும் மனுவை ஒதுக்கி வைப்பது கஷ்டம்.

நான்காவது, பொதுக் கட்டடங்கள். பள்ளி, சாவடி, மண்டபம் ஆகியவற்றை அனுமதியில்லாமல் இடிப்பதாகத் தெரிந்தால் 1913 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

எல்லா வீடும் நிற்காது. சிலது போகத்தான் செய்யும். குடும்பத்தின் தேவை பெரிது. ஆனால் எது போகிறது என்று தெரியாமலே போவதும், ஊர் கூடி எண்ணிப் பார்த்து, "இந்தப் பன்னிரண்டையாவது விடக்கூடாது" என்று முடிவெடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பன்னிரண்டு எவை என்று சென்னையின் எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களுக்காக வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்தத் தெருவை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போங்கள்.