நம் மலையிலும் டொக்டர்கள் பயிற்சி பெற வேண்டும்

(மடுல்சீமையில் தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் காணியையும் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. இன்று ஒரு டொக்டர் எப்படி உருவாகிறார் என்று பேசப் போகிறோம். அது கொழும்பில் உள்ளவர்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நமக்கு மருந்து கொடுப்பவர் எங்கே பழகினார் என்பது நம்முடைய விஷயமும்தான்.

நம் வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகிறோம். அங்கே முடியாவிட்டால் பசறை, அதற்கும் மேலே என்றால் பதுளை. கிளினிக் நாளில் பேர் விழாது, பஸ் காசு வேறு. அம்மாவுக்குச் சீனி வருத்தம், ஒரு கிளினிக். மகளுக்கு இரத்தசோகை, இன்னொரு கிளினிக். இருவரும் ஒரே லயக் காம்பராவில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பது எந்த டொக்டருக்கும் தெரியாது.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பவர்தான் குடும்ப வைத்தியர். குழந்தை முதல் பாட்டன் வரை அவரே பார்ப்பார். தன்னால் முடியாததை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்கிருந்து திரும்பி வந்தவரைத் தொடர்ந்து கவனிப்பார்.

இந்த வேலைக்குத் தனிப் படிப்பு உண்டு. நம் நாட்டில் டொக்டராக 5 வருடம் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும். பிறகு 1 வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் உள்ளகப் பயிற்சி. அதற்கு மேல் குடும்ப வைத்தியம் படிக்க விரும்புகிறவருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வைத்திருக்கிறது.

அந்தப் பயிற்சி சுற்றுமுறையில் நடக்கும். தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக வருகிறவர் கொழுந்து வாட்டும் இடம், ரோலர், அடுப்பு, சலிக்கும் இடம் என்று எல்லாவற்றிலும் நின்று பழக வேண்டும் அல்லவா? அதைப் போலத்தான். குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, சத்திரசிகிச்சை, மனநலம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று பழகி, பிறகு குடும்ப வைத்திய நிலையத்தில் மூத்தவர் ஒருவரின் கீழ் நோயாளிகளைப் பார்ப்பார்.

இந்தச் சுற்றில் நம் மலையும் ஓர் இடமாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. குளவி கொட்டி மூச்சுத் திணறும் தொழிலாளியை வாகனம் வரும்வரை எப்படிக் காப்பாற்றுவது? கூடை சுமந்து சுமந்து வரும் இடுப்பு வலிக்கு வில்லை மட்டும் போதுமா? "மேலுக்கு முடியல" என்று ஒரு தாய் சொன்னால் அது காய்ச்சலா, அசதியா, மனக்கவலையா? நகரத்து வார்டில் மட்டும் நின்றவருக்கு இவை பழக வழியில்லை.

அமெரிக்காவில் குடும்ப வைத்தியம் 1969-இல் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது. அங்கே பயிற்சி 3 வருடம். கிராமங்களுக்கு டொக்டர்கள் கிடைக்காததால் சில இடங்களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: முதல் வருடம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, அடுத்த 2 வருடம் சிறிய ஊர். அப்படிப் பழகியவர்களில் பலர் கிராமப்புறத்திலேயே வேலைக்கு நின்றார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1977-இலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கட்டடத்தால் மட்டும் நிலைமை மாறவில்லை. நம் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போனவர்கள் 2 வருடம் கல்லூரியில் படித்து, 3-ஆம் வருடம் பாடசாலைகளில் நின்று பழகினார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்: லயத்துப் பிள்ளை ஏன் பிந்தி வருகிறது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. வைத்தியத்திலும் அப்படித்தான்.

"பழகுவதற்கு எங்கள் உடம்பா கிடைத்தது?" என்று சில தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் குடும்ப வைத்தியப் பயிற்சிக்கு வருகிறவர் மாணவர் அல்ல. பட்டமும் உள்ளகப் பயிற்சியும் முடித்த டொக்டர். அவருக்கு மேலே பொறுப்பான மூத்த வைத்தியர் இருக்க வேண்டும். அந்த மேற்பார்வை இல்லாமல் பயிற்சியாளரை மட்டும் அனுப்பிவைத்தால் நாம் ஏற்கக் கூடாது.

ஆகவே மாகாண சுகாதார அதிகாரிகளிடமும் நம் பிரதிநிதிகளிடமும் நான்கு விஷயங்களைக் கேட்போம்.

1. குடும்ப வைத்தியப் பயிற்சியின் ஒரு பகுதி ஊவாவின் தோட்டப்புற வைத்தியசாலைகளில் நடக்க வேண்டும்.

2. அங்கே மேற்பார்வை செய்யும் வைத்தியரும், பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடமும் வேண்டும்.

3. தமிழ் தெரியாதவருக்குத் தமிழ் பேசப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

4. நம் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை வளர்க்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பதுளை மாவட்டத்துக்கு உள்ள ஒதுக்கீட்டை நம் பிள்ளைகளும் பயன்படுத்த அதுதான் வழி.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். சீனிக்கும் பிரஷருக்கும் குடிக்கும் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கத் தலைவி, எத்தனை பேர் பதுளை கிளினிக்குக்குப் போகிறார்கள், அதற்காக மாதத்தில் எத்தனை பேர் இழக்கிறார்கள் என்று எழுதித் தாருங்கள். பெயரும் நோயும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு வந்தால், கோரிக்கைக் கடிதத்தோடு அதையும் இணைத்துக் கையளிப்போம்.