காய்ந்த சேற்றில் கிடந்த ஜந்துக்கள்

ஏரி வற்றி வண்டல் வெடித்துக் கிடக்குங்கால் அதில் உயிரேது என்று எண்ணுவது உலக வழக்கம். நார்வே தேசத்து ஜந்து சாஸ்திரி ஸார்ஸ் அவ்வாறு எண்ணினாரில்லை. ஆஸ்திரேலியாவில் கிரேஸ்மியர் என்னும் குட்டையின் காய்ந்த சேற்றை லும்ஹோல்ட்ஸ் என்ற யாத்திரிகர் அவருக்கு அனுப்பினார். ஸார்ஸ் அதனைத் தொட்டியிலிட்டு நீர் வார்த்தார். தாய்ப்பூச்சியின் ஓடே பேழைபோல் மூடிக் காத்த முட்டைகள் பொரிந்து, தண்ணீர்த்தெள்ளுகள் நீந்தலாயின. கடுகினும் சிறியவை, மீன்குஞ்சுகளுக்கோ அவையே அன்னம்.

புதிய இனமெனத் துணிவது எளிதன்று. பருவத்திற்கேற்ப ஒரே இனத்தின் தலைமுள் நீளும், குறுகும். அதை மட்டும் நம்பினவர் ஒன்றையே இரண்டாக எண்ணி ஏமாறுவர். ஓடு, வால்முள், நகம் அனைத்தையும் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, முன்னறிந்த இனங்களோடு ஒப்பிட்டுப் படமெழுதுதல் வேண்டும். 1885-இல் ஸார்ஸ் ஓரினத்திற்கு டாப்னியா லும்ஹோல்ட்ஸி என்று பெயரிட்டார். சேறு அனுப்பியவருக்கு இதனினும் தக்க சன்மானம் யாது?

இவ்வினம் இந்திய ஏரிகளிலும் உண்டு. 1991-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து நீர்த்தேக்கமொன்றில் இதனைக் கண்டனர். நீண்ட முட்கள் காரணமாகச் சிறுகுஞ்சுகள் இதனை விழுங்க மாட்டா. உள்ளூர்த் தெள்ளுகள் குறைந்து இது பெருகுமாயின் குஞ்சுகளுக்கு இரை குன்றுமே என்று அந்நாட்டார் கவலையுற்றனர். அந்நியப் பூச்சியென்று அறிய, நூறாண்டுக்கு முந்திய ஸார்ஸின் வருணனை கைகொடுத்தது.