எபிசோடு 37: என் பேர்ல இல்லாத பிளேன்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடு கடைசியில, "பிளேன் வாங்கின கதையை ஒருநாள் சொல்றேன்"னு வாய்தவறிச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெயில் எல்லாத்திலயும் ரெண்டே கேள்விதான். எவ்வளவு ஆச்சு? உனக்கு எதுக்கு பிளேன்?

முதல்ல ஒரு திருத்தம். பிளேனை நான் வாங்கலை. வாங்க முடியாது. அமெரிக்காவில் ஒரு விமானத்தைத் தன் பேரில் பதிவு செய்ய, குடியுரிமை இருக்கணும் இல்லைன்னா கிரீன் கார்டு இருக்கணும். நான் ஹெச்-1பி. லைசென்ஸ் எடுக்கலாம், ஓட்டலாம், பெட்ரோல் போடலாம், ராத்திரி கனவு காணலாம். பேர் மட்டும் போட முடியாது. நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் நாலு பேருக்கும் அதே விதிதான். டிரஸ்ட் வழியாக வாங்கும் முறை ஒன்று உண்டு, முழுக்கச் சட்டப்படியானது. ஆனா வருஷா வருஷம் அதுக்குக் கட்டணம் கட்டணும். பெரிய ஜெட் வாங்குறவங்களுக்கு அது சில்லறை. எனக்கு இல்லை.

அதனால என் ஆபீஸ் நண்பர் வாங்கினார். அமெரிக்கர், என்னைவிட இருபது வயசு மூத்தவர், ஆங்கரேஜ்லயே பிறந்து வளர்ந்தவர். நான் பறக்கும் மணிக்கணக்குக்கு அவருக்குப் பணம் தருவேன்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கோம். நாளைக்கு அவர் வித்துட்டா நான் ஒண்ணும் கேட்க முடியாது. தெரிஞ்சுதான் இறங்கினேன்.

எதுக்குங்கிற கேள்விக்கு: அலாஸ்காவில் ஐந்தில் நான்கு பங்கு ஊர்களுக்குச் சாலை கிடையாது. இங்க வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் பார்த்த மலை எல்லாம் ஜன்னல் வழியாப் பார்த்ததுதான். அங்க போக வழி ஒண்ணு, கால்நடையா ஒரு வாரம். இன்னொண்ணு, நாற்பது நிமிஷம் பிளேன்.

நாங்க தேடினது பைப்பர் சூப்பர் கப். 1949-ல் வந்த மாடல். ரெண்டே சீட், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. எஃகுக் குழாய் கூடு, அது மேல துணி. ஆமா, துணிதான். அதை இழுத்துக் கட்டி, சூடு காட்டிச் சுருக்கி, மேல பூச்சு அடிப்பாங்க. 150 குதிரைசக்தி லைக்கமிங் எஞ்சின். வால்பக்கம் ஒரு குட்டிச் சக்கரம். முன்னால 31 அங்குல டயர், காத்து ரொம்பக் கம்மியா வைப்பாங்க. கூழாங்கல் மேல அது அப்படியே பரவி உட்காரும். இந்தப் பழைய தகரத்துக்கு இன்னிக்கு ஒரு லட்சம் டாலருக்குக் கீழ நல்லதாக் கிடைப்பது அபூர்வம்.

ஊர்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்குத் தெரியும், "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி"ன்னு ஆரம்பிப்பாங்க. இங்கயும் அதுக்கு ஒரு வசனம் இருக்கு: "எஞ்சின் ரொம்பக் கம்மி மணி நேரம்தான் ஓடியிருக்கு." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கு. பிளேன் மாசக்கணக்கா சும்மா நின்னா எண்ணெய் எல்லாம் கீழ வடிஞ்சு, கேம் துருப்பிடிக்கும். அந்தத் துருவோட ஓட்டினா உலோகத்தை அரைச்சு எண்ணெய்லயே கலந்து விடும். இருபது வருஷத்துல இருநூறு மணி நேரம் ஓடின எஞ்சினை விட, வாரா வாரம் பறந்த எஞ்சின் மேல். ஆயில் ஃபில்டரை அறுத்து விரிச்சுப் பார்த்துட்டுத்தான் மெக்கானிக் எங்ககிட்ட பேசவே ஆரம்பிச்சார்.

அந்த மெக்கானிக்கைப் பத்திச் சொல்லணும். வருஷாந்தர சோதனைக்கு, அதாவது ஆனுவலுக்கு, சட்டத்துல வரையறை உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி செய்யும் சோதனைக்கு எந்த வரையறையும் இல்லை. சும்மா சுத்தி வந்து "நல்லா இருக்கு"ன்னு சொன்னாலும் அது ஒரு சோதனைதான். விற்கிறவரோட மெக்கானிக் வேண்டாம்னு நாங்க வேற ஆளைப் பிடிச்சோம். அந்தாளுக்கு அறுபது வயசு இருக்கும். பேச்சே கிடையாது.

விற்கிறவர் எழுபதைத் தாண்டியவர். அந்தப் பிளேனை முப்பது வருஷம் வச்சிருந்தவர். ரொம்ப நேர்மையான மனுஷன், இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா பின்னால வர்றதைக் கேட்டு நீங்க வேற மாதிரி நினைக்கக் கூடாது.

லாக்புக்கை எனக்குக் கொடுத்தாங்க. நான் சாஃப்ட்வேர் ஆளு, பழைய கமிட் எல்லாம் தோண்டிப் படிக்கிறதுதான் பொழைப்பு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். சூப்பர் கப்புக்கு ஒரு கட்டாய உத்தரவு இருக்கு, ஏ.டி.ன்னு சொல்லுவாங்க, எஃப்.ஏ.ஏ. போடுறது. இறக்கையை உடம்போட தாங்கிப் பிடிக்கிற சாய்வான எஃகுக் குழாய்கள் இருக்கே, லிஃப்ட் ஸ்ட்ரட், அது உள்பக்கமா துருப்பிடிக்கும். தண்ணி உள்ள போய்க் கீழ்முனையில தங்கிடும். வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். அதனால 24 மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கணும். இல்லைன்னா முழுக்க அடைச்சு சீல் செய்த புது ஸ்ட்ரட்டை மாட்டிட்டா, அந்த ஏ.டி. தொல்லை அதோட முடிஞ்சது.

லாக்புக்கில் 2001-ல் தெளிவா எழுதியிருந்தது: நாலு ஸ்ட்ரட்டும் சீல் செய்ததாக மாற்றப்பட்டது, ஏ.டி. முடிந்தது. சந்தோஷம். 2009-ல் இன்னொரு பதிவு. இறங்கும்போது பிளேன் சுத்திடுச்சு, இடது இறக்கை அடி வாங்கி, ரிப்பேர். அதுல ஒரு வரி: "நல்ல நிலையிலுள்ள ஸ்ட்ரட் பொருத்தப்பட்டது." பார்ட் நம்பர் இல்லை. சீல் செய்ததா, பழையதான்னு ஒரு வார்த்தை இல்லை.

அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு ஆனுவலிலும் ஒரே வாசகம்: ஏ.டி. 2001-லேயே முடிந்தது. யாரும் பொய் சொல்லலை. எல்லாரும் 2001-ஐப் பார்த்தாங்க, 2009-ஐப் பார்க்கலை. நம்ம தொழில்ல இதைத் தினமும் பார்க்கிறோம். க்ளோஸ் பண்ண டிக்கெட்டை யார் திறந்து பார்க்கிறா?

காலையில மெக்கானிக்கிட்ட அந்த வரியைக் காட்டினேன். ஒண்ணும் சொல்லாம டூல் பாக்ஸிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். மால் டெஸ்டர். துணி எவ்வளவு உறுதியா இருக்குன்னு குத்திப் பார்க்கிறதுக்காக பி.டி. மால் என்பவர் செய்தது. அவர்தான் பின்னாளில் மால் விமானங்களைக் கட்டினவர். ஸ்ட்ரட்டுக்கும் அதே கருவிதான். கீழ்முனையில, சுத்திச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக் குத்திட்டே வந்தார். வலதுபக்கம் ரெண்டும் சரி. இடதுபக்கம் பின்னால உள்ளது சரி. இடது முன் ஸ்ட்ரட்டில் நாலாவது குத்துல சத்தம் மாறிச்சு. எனக்கே கேட்டுச்சு. பார்த்தா ஒரு பள்ளம், விரல் நுனி பதிஞ்ச மாதிரி. எஃகுக் குழாயில.

அடுத்த குத்துல கருவி உள்ளயே போயிடுச்சு.

விற்கிறவர் பக்கத்துலதான் நின்னார். கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்தார். அப்புறம் அங்க கிடந்த பெயின்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். "ரெண்டு வாரம் முன்னாடி பேத்தியைக் கூட்டிட்டுப் போனேன்"னார். வேற எதுவும் சொல்லலை. பறக்கும்போது இறக்கை மேல தூக்கும், அந்த இழுவையை முழுக்கத் தாங்குறது இந்தக் குழாய்ங்கதான். அது விட்டா அவ்வளவுதான்.

நான் அங்க செஞ்ச தப்பையும் சொல்லிடறேன். எனக்கு முதல்ல வந்த எண்ணம், "விலையைக் குறைக்கலாம்." அந்த ஆளோட முகத்தைப் பார்த்துட்டு இருக்கும்போதே அப்படி நினைச்சேன். நண்பர்தான் என் தோளைத் தட்டி வெளிய கூட்டிட்டுப் போனார். பெரியவர் மறுநாள் போன் பண்ணி, புது ஸ்ட்ரட் செலவு தன்னோடதுன்னு சொன்னார். நாங்க பேரம் பேசலை.

வாங்கினதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடமே. வால்சக்கர பிளேனில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால இருக்கும். டிரெய்லர் மாட்டின டிராக்டரை ரிவர்ஸ் எடுத்திருக்கீங்களா? கொஞ்சம் கோணினா அது தானாவே மேலும் கோணிக்கும். 2009-ல் அந்தப் பிளேன் சுத்தினது அப்படித்தான். இன்ஷூரன்ஸ்காரங்க 25 மணி நேரம் பயிற்றுநரோட பறந்தாத்தான் என் பேரைச் சேர்ப்போம்னாங்க. நான் பதினெட்டாவது மணி நேரம் வரைக்கும் எனக்கு இது வராதுன்னே நினைச்சேன்.

எடைக் கணக்கு இன்னொரு பாடம். அதிகபட்சம் 1,750 பவுண்டு. பெரிய டயர், கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து எங்க பிளேன் காலியாவே 1,150. மீதி 600. ரெண்டு டேங்க்கையும் நிரப்பினா 36 கேலன், 216 பவுண்டு. நானும் நண்பரும் சேர்ந்து 370. மிச்சம் 14 பவுண்டு. சாப்பாட்டுப் பை, கூடாரம், எதுவும் ஏறாது. அதனால டேங்க்கைப் பாதிதான் நிரப்புவோம். மணிக்கு எட்டு ஒன்பது கேலன் குடிக்கும், எவ்வளவு தூரம் போகலாம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இதுல அவசரத்துக்குன்னு கொண்டு போறது வேற: ஆளுக்கு ஒரு வாரச் சாப்பாடு, கோடாரி, கத்தி, முதலுதவிப் பெட்டி, மீன் தூண்டில், தீ மூட்ட ஏதாவது, கொசுவலைத் தொப்பி. குளிர்காலத்துல பனிக்காலணியும் ஸ்லீப்பிங் பேகும். அம்மாகிட்ட இந்தப் பட்டியலைப் படிச்சேன். "கொசு அங்கயும் இருக்கா?"ன்னாங்க. அவ்வளவு ஆபத்தைச் சொல்லியும் அவங்க காதுல விழுந்தது கொசுதான். அடுத்த பார்சலில் பருப்புப்பொடி வந்துச்சு, அது இப்ப அந்தப் பையிலதான் இருக்கு.

நிக் ஆற்றுத் திட்டுல முதல்முதலா இறங்கினதைச் சொல்லாம முடிக்க முடியாது. நேரா இறங்கக் கூடாது. முதல்ல தாழப் பறந்து பார்க்கணும். அடுத்த சுத்துல சக்கரத்தை லேசாத் தொட்டுட்டு, எடையைக் கொடுக்காமலே மேல ஏறிடணும். திரும்பி வந்து அந்தத் தடத்தைப் பார்க்கணும். தடத்துல தண்ணி ஊறி மினுங்கினா, கிளம்பிப் போயிடணும். எனக்கு மினுங்கலை. எஞ்சினை நிறுத்தினதும் ஆத்துச் சத்தம் மட்டும். அங்க அரை மணி நேரம் சும்மா நின்னேன். போட்டோ ஒண்ணுகூட எடுக்கலை, எடுத்திருக்கலாம்.

செலவு கேட்டவங்களுக்கு: பெட்ரோலும் நிறுத்துற வாடகையும் முன்கூட்டிக் கணக்குப் போட்டுடலாம். ஆனுவலைப் போட முடியாது. திறந்தாத்தான் தெரியும். குளிர்காலத்துல கிளம்புறதுக்கு முன்னாடி எஞ்சினைச் சூடாக்கணும், இறக்கையில உறைபனி ஒரு படலம்கூட இல்லாமத் துடைக்கணும். ஒரு மணி நேரம் பறக்க ரெண்டு மணி நேரம் துடைப்பம் பிடிச்ச நாள் உண்டு.

அந்தப் பழைய ஸ்ட்ரட்டை மெக்கானிக் அறுத்துக் காட்டினார். உள்ள இருந்து துரு, டீத்தூள் மாதிரிக் கொட்டிச்சு. ஒரு துண்டு என் மேஜை மேல இருக்கு. இன்னொரு துண்டைப் பெரியவர் கேட்டு வாங்கிட்டுப் போனார். அவரோட பேத்தி இந்தக் கோடையில மறுபடி வர்றாளாம், இந்தத் தடவை நண்பர் ஓட்டுவார், பெரியவர் தரையில நின்னு பார்ப்பார்னு பேச்சு. அடுத்த எபிசோடுல ஆனுவல் முடிஞ்சிருக்கும், பில்லோட வர்றேன்.