நீரால் எழும் வாணம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு றொக்கற் செய்து வானில் விடும் பொழுதுபோக்கைப்பற்றிப் பேசப்போகின்றோம் என்று அறிவித்தவுடன் வாலிபர் முகம் மலர்ந்ததையும் பெரியோர் சிலர் முகம் சுருங்கியதையும் ஒருங்கே கண்டோம். இரண்டிலும் நியாயம் இருக்கின்றது. திருவிழா இரவிலே ஈர்க்குவாணம் சீறி எழும்போது அண்ணாந்து பாராத பிள்ளை எங்கே உண்டு? அதனினும் பெரியதொன்றை எம் கையாலேயே செய்து விடலாகாதோ என்ற ஆசையும் பிழையன்று. ஆனால் அந்த ஆசை வெடியுப்பையும் கந்தகத்தையும் தேடிப் போகும்போது என்ன நேரும் என்பதைப் பெரியோர் அறிவர். களப்பிலே டைனமைட் வீசி மீன்பிடிக்கப் போய்க் கையை இழந்தவர்களின் கதை கரையோர மக்களுக்குப் புதிதன்று. ஆகவே இன்று எமது வாதம் இருதிறத்தாரையும் நோக்கியது. வாலிபர்க்குச் சொல்வது, மருந்து கலக்காதீர்கள் என்பது. பெரியோர்க்குச் சொல்வது, அதற்காக றொக்கற்றையே விலக்கிவிடாதீர்கள் என்பது.

வாணம் எம்மவர்க்கு அந்நியப் பொருளன்று. 1780 ஆம் ஆண்டு காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை இரும்புக் குழாய் வாணங்களை ஏவி ஆங்கிலக் கம்பனியின் படையைக் கலங்கடித்தது. அவ்வாணங்களை ஆராய்ந்தே இங்கிலாந்தில் கொன்கிறீவ் என்பார் தமது றொக்கற்றை உருவாக்கினார். இராவணனுடைய புட்பக விமானத்தையும் இவ்விடத்திற் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் உண்டு. அதனை நாம் புராணத்திலேயே விட்டுவிடுவோம். அப்பெயரைத் தாங்கிய இராவணா-1 என்னும் சிறு செய்மதி, ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ளது, இலங்கைப் பொறியியலாளர் இருவரின் உழைப்பில் உருவாகி 2019 இல் வான்வெளிக்குச் சென்றதே எமக்குப் போதிய பெருமை.

கடலுக்கு அப்பால், எம்போன்ற கரையோர ஊர் ஒன்றையும் நினைவிற் கொள்வோம். கேரளத்துத் தும்பா ஒரு மீனவர் கிராமம். பூமியின் காந்த மத்தியகோடு அதன் அருகே செல்வதால் மேல்வளியை ஆராய அவ்விடமே தக்கது என விக்கிரம் சாராபாய் தேர்ந்தார். அங்கிருந்த புனித மரிய மதலேனாள் தேவாலயத்தையும் அதன் காணியையும் ஆயர் பீற்றர் பேர்ணாட் பெரேரா விஞ்ஞானத்துக்காக விட்டுக்கொடுத்தார். தேவாலயமே வேலைக்கூடமாயிற்று. றொக்கற் உறுப்புக்கள் சைக்கிளிலே கொண்டுசெல்லப்பட்டன. 1963 நவம்பர் 21 ஆம் நாள் அமெரிக்க நாட்டு நைக்கி-அப்பாச்சி றொக்கற் அங்கிருந்து எழுந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1967 இல், 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரோகிணி என்னும் சொந்த றொக்கற்றையும் ஏவினர். அங்கே உழைத்தவர்களுள் ஒருவர் இராமேசுவரத்துத் தோணிக்காரர் ஒருவரின் மகன், அப்துல் கலாம்.

கலாம் தமது அக்கினிச் சிறகுகள் என்னும் வரலாற்று நூலிற் கூறும் ஒரு சம்பவத்தை வாலிபர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும். தும்பாவில் அவரும் சுதாகர் என்ற நண்பரும் சோடியமும் தேர்மைற்றும் சேர்ந்த கலவையை நிரப்பும் பணியிலே இருந்தார்கள். புழுக்கமான நாள். சுதாகரின் நெற்றி வியர்வை ஒரு துளி சோடியத்தில் விழுந்தது. அறையே அதிர வெடித்துத் தீப்பற்றியது. சோடியத் தீயை நீர் அணைக்காது. சுதாகர் வெறுங்கையால் யன்னற் கண்ணாடியை உடைத்துக் கலாமை வெளியே தள்ளிய பின்னரே தாமும் குதித்தார். தீக்காயத்தோடு பல வாரம் வைத்தியசாலையிற் கிடந்தார். பயிற்சி பெற்றவர்கள், ஆய்வுகூடம், விதிமுறை, எல்லாம் இருந்த இடத்திலே ஒரு துளி வியர்வை செய்த வேலை இது. எங்கள் குசினிப் பின்புறத்திலே ஒரு தகரப் பேணியும் அகப்பையும் வைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடங்குபவனை எவ்வாறு காப்பது?

இக் கேள்விக்கு விடை அமெரிக்காவிற் கிடைத்தது. 1957 இல் இரசியாவின் ஸ்புட்னிக் எழுந்த காலத்தில் அந்நாட்டுப் பையன்கள் வீட்டு நிலவறைகளிலே மருந்து கலந்து குழாயில் அடைத்து, விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தனர். நெபிராஸ்கா மாநிலத்திலே சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் காலைல் என்பவர் 1954 இலேயே ஒரு வழி கண்டிருந்தார். உடல் கடதாசிக் குழாய். செட்டைகள் மெல்லிய மரம். மருந்தோ தொழிற்சாலையிலே அளவாக அடைத்து வந்தது, ஒருமுறை எரித்து எறிந்துவிடுவது. வெண்மணல் ஏவுதளத்திலே பணியாற்றிய ஹரி ஸ்ரைன் என்பார் அதனைக் கண்டு, விதிகள் வகுத்து, ஒரு சங்கமும் அமைத்தார். உலோக உடல் கூடாது. தீக்குச்சி கூடாது, தொலைவிலிருந்து மின்சாரத்தாற் பற்றவைக்கவேண்டும். பற்றாவிட்டால் ஒரு நிமிடம் கழியுமுன் கிட்டப் போகலாகாது. இவற்றுக்கெல்லாம் தலையான விதி, விடுகின்றவன் மருந்தைத் தொட்டுக் கலக்கலாகாது என்பதே. றொக்கற் விடும் விளையாட்டு உயிராபத்தில்லாத விளையாட்டானது இந்த ஒரு விதியினாலேதான் என்பது எமது துணிபு.

இனி எம் நாட்டுச் சட்டம். 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தின்படி அநுமதிப்பத்திரமின்றி வெடிபொருள் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். காலைல் காட்டிய தொழிற்சாலை மோட்டரும் உள்ளே கருமருந்து உடையதே. ஆகையால் அதுவும் இச்சட்டத்தின் வீச்சுக்குள் வருவது. கனடாவிலிருந்து வரும் மாமா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரட்டும் என ஒரு தம்பி எம்மிடம் யோசனை சொன்னார். பயணிகள் பொதியிலே றொக்கற் மோட்டரை விமானச் சேவைகள் ஏற்பதில்லை. மாமாவை விமான நிலையத்தில் மறித்து வைப்பதற்கு அது நல்ல உபாயம், வேறெதற்கும் உதவாது.

சட்டப் புத்தகத்துக்கு வெளியிலும் ஒரு உண்மை உண்டு. அதை மூடிப் பேசுவதிற் பயனில்லை. 2019 சனவரியில் எமது புத்தளம் மாவட்டத்து வணாத்தவில்லுவிலே ஒரு தென்னந்தோட்டத்திற் பெருந்தொகை வெடிபொருள் கண்டெடுக்கப்பட்டது. மூன்று மாதத்தில் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகள் நாட்டையே உலுக்கின. கற்பிட்டியிற் கடற்படை, பாலாவியில் விமானப்படை, இடையிலே நாம். இந்நிலத்தில் ஒரு தமிழ் வாலிபன் வெடியுப்புப் பொதியுடன் அகப்பட்டால், “விஞ்ஞானப் பரிசோதனை ஐயா” என்ற அவன் சொல்லை யார் கேட்பார்? அவனுடைய தாய் எத்தனை வாசல் ஏறி இறங்கவேண்டி வரும்? பெரியோரின் முகச்சுருக்கத்துக்கு இதுவே காரணம் என நாம் அறிவோம்.

ஆகவே தீயை விட்டுவிட்டு நீரைப் பிடிப்போம். நீர் றொக்கற் என்பது சோடாப் பானம் வரும் பிளாஸ்ரிக் போத்தல். மூன்றில் ஒரு பங்கு நீர் விட்டு, மிகுதி இடத்திலே சைக்கிள் பம்பினாற் காற்றை அடைத்து, வாயைச் சட்டெனத் திறந்தால், காற்று நீரைக் கீழே தள்ள, நீர் போத்தலை மேலே தள்ளும். நியூற்றனின் மூன்றாம் விதி அவ்வளவே. நீரில்லாமற் காற்றை மட்டும் அடைத்து விட்டுப் பாருங்கள். சிறிது துள்ளி விழுந்துவிடும். காற்றுக்குப் பாரம் மிகக் குறைவு. பாரமானதை வேகமாக எறிந்தால் அல்லவா எதிர்த்தள்ளல் பலமாகும்.

விளையாட்டுப் பண்டம் என்று இகழவேண்டா. சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கத்தில், 22 மில்லிமீற்றர் வாயுள்ள போத்தலைக் கணக்கிட்டால், நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர் வேகத்திற் பாய்கின்றது. முதற் கணத்திலே தள்ளுவிசை ஏறக்குறைய 30 கிலோ நிறைக்குச் சமம். பத்திலொரு செக்கனுக்குள் நீர் தீர்ந்துவிடும். போத்தலோ தென்னையின் தலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். வெடிமருந்து இல்லாமையால் வெடிபொருட் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் பாடசாலை மாணவர்களிடையே நீர் றொக்கற் போட்டி நடத்தி வந்திருப்பதும் இது மதிப்பான கல்வி என்பதைக் காட்டும்.

ஆயினும் 30 கிலோ தள்ளுவிசை முகத்திற் பட்டால் அது விளையாட்டன்று. எனவே செய்முறையைச் சற்று விரித்துச் சொல்கின்றோம். வாயு நிரம்பிய பானம் வந்த ஒன்றரை லீற்றர்ப் போத்தலையே எடுக்கவேண்டும். தண்ணீர் விற்கும் மெல்லிய போத்தல் ஆகாது, கண்ணாடிப் போத்தலை நினைக்கவும் கூடாது. கீறலோ மடிப்போ வெண்தழும்போ கண்டால் எறிந்துவிடுக. செட்டை ஒட்டுவதற்குச் சூடான பசை வேண்டா. சூட்டில் அப் பிளாஸ்ரிக் இளகிப் பலம் குன்றும். ஒட்டுநாடா போதும். புதுப் போத்தலை முதலிற் கழுத்துவரை நீரால் நிரப்பி, 90 இறாத்தல் அமுக்கம் கொடுத்துப் பார்க்கவேண்டும். நீர் சுருங்காது, ஆகையால் உடைந்தாலும் ஒழுகுமேயன்றிச் சிதறாது. இதில் தேறிய போத்தலையே பறக்கவிடலாம். அப்போதும் 60 இறாத்தலுக்கு மேற் போகலாகாது. அமுக்கமானி இல்லாத பம்பு எமக்கு வேண்டா. “இன்னும் நாலு அடி அடிடா” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். அவரைப் பின்வரிசைக்கு அனுப்புக.

ஏவுதளத்துக்கு நிலத்தில் இறுக்கிய ஒரு பீ.வீ.சீ. குழாய் போதும். அதைச் சுற்றி வரிசையாக நிற்கும் பிளாஸ்ரிக் கட்டுநாடாக்களின் தலைகள் போத்தற் கழுத்து வளையத்தைக் கவ்வியிருக்கும். அவற்றை ஒரு பெரிய குழாய்த்துண்டு உறைபோல இறுக்கியிருக்கும். அந்த உறையைக் கயிற்றாற் கீழே இழுத்தால் பிடி தளர்ந்து போத்தல் எழும். கயிறும் காற்றுக்குழாயும் ஐந்து மீற்றருக்குக் குறையலாகாது. பம்பு அடிப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி அணிவார்; மற்றையோர் பத்து மீற்றர் தள்ளி, நின்றபடி வானத்தைப் பார்ப்பர். காற்று ஏறிய போத்தலுக்குக் கிட்ட எவரும் போகலாகாது. ஏதும் பிழைத்தால் கயிற்றை இழுத்து ஏவிவிடுவதே வழி.

மூக்கு மென்மையாக இருத்தல்வேண்டும். அறுத்த ரெனிஸ் பந்தின் பாதி மிக நன்று. அது சிறிது பாரத்தையும் முன்னே சேர்க்கும். புவியீர்ப்பு மையம் முன்னும் அமுக்க மையம் பின்னும், குறைந்தது ஒரு போத்தல் விட்ட இடைவெளியில் இருந்தாலே றொக்கற் நேரே செல்லும். இதைச் சோதிக்கச் சூத்திரம் வேண்டியதில்லை. நீரில்லாத போத்தலைச் சமநிலைப் புள்ளியில் நூலாற் கட்டித் தலைக்குமேற் சுழற்றுங்கள். மூக்கு முன்னோக்கிச் சென்றால் நன்று, தடுமாறினால் செட்டையைப் பெருப்பிக்கவேண்டும்.

இடமும் காலமும் எமக்குச் சிக்கலானவை. களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிய இக் குடாநாட்டில், மே முதல் செத்தெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றின் வலிமைக்குப் பக்கத்திலே சுழலும் காற்றாலைகளே சாட்சி. பரசூற் கட்டிய றொக்கற் 50 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கப் பத்துச் செக்கன் பிடிக்குமாயின், செக்கனுக்கு 8 மீற்றர் காற்று அதை 80 மீற்றர் தூரம் கொண்டுபோய்விடும். வெங்காயப் பாத்தியிலோ வள்ளத்திலோ கொண்டுபோய்ப் போடும். எனவே பரசூற் பின்னர் ஆகட்டும். மார்ச், ஏப்பிரில் மாதத்து விடிகாலைகளே தொடங்கத் தக்கவை. நுரைச்சோலை மின்நிலையத்திலிருந்து வரும் உயர்வலுக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியும் வெளியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. கம்பியில் எது சிக்கினாலும் அது மின்சாரப் பகுதியினருக்குரியது. தடி கொண்டு எடுக்கப் போகிறவன் எம் சங்கத்தவன் அல்லன்.

உயரத்தை அளப்பதிலேதான் படிப்புக்கு வேலை இருக்கின்றது. ஏவுதளத்திலிருந்து 50 மீற்றர் தள்ளி ஒருவர் நின்று, பாகைமானியில் நூலும் ஈயக்குண்டும் தொங்கவிட்டு உச்சியை நோக்கவேண்டும். 45 பாகை எனின் உயரம் 50 மீற்றர்; அவர் கண்ணின் உயரத்தைக் கூட்டிக்கொள்க. பிற பாகைகளுக்குத் தூரத்தைத் தான்சனாற் பெருக்கவேண்டும். நீரின் அளவை மாற்றி மாற்றி விட்டு ஒரு கொப்பியில் உயரத்தைக் குறித்துவந்தால், எந்த அளவு சிறந்தது என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். சாதாரண தரப் பரீட்சைக்குத் திரிகோணகணிதம் எதற்கு என்று கேட்கும் தம்பிமாருக்கு இதைவிட நல்ல விடை எமக்குத் தெரியாது.

கடைசியாக அநுமதி. வெடிமருந்து இல்லையெனினும், வானில் ஒன்று எழும்பினால் முகாமிலிருந்து கேள்வியும் எழும்பும். ஆகையாற் காணிக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, கிராம அலுவலருக்கும் கற்பிட்டிப் பொலிசாருக்கும் நாள், நேரம், இடம், பங்குபற்றுவோர் தொகை ஆகியவற்றைக் கடிதத்தில் அறிவித்து, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமும் ஆட்சேபம் உண்டோ எனக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இப்படிக் கேட்பதைச் சில வாலிபர் கோழைத்தனம் என்கின்றனர். பகலிலே, பெயரோடு, முத்திரையோடு செய்யும் காரியத்துக்கு ஒளித்துச் செய்வதிலும் அதிக நெஞ்சு வேண்டும் என்பது எம் எண்ணம்.

கடித வரைவு மூன்றும் எம்மிடம் உள்ளன. அவை வாலிபர் பெயரிற் போவதைவிடச் சங்கத்தின் கடிதத்தாளில் தலைவர் அவர்களின் கையொப்பத்தோடு போதல் சிறப்பு. ஏவும் காலையிலே பெரியோர் இருவர் களத்தில் நிற்கவேண்டும் என்றும், கயிற்றை இழுக்கும் உத்தரவு அவர்களுடையதாக இருக்கவேண்டும் என்றும் வரைவிலேயே எழுதியுள்ளோம். கூட்டம் முடிந்ததும் தாள்களைச் செயலாளர் மேசையில் வைக்கின்றோம். வாசித்துத் திருத்தித் தருமாறு பெரியோர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.