எங்கள் காலைக் கோச்சி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் கேட்டார். நான் கோச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ஹட்டனுக்குப் படிக்க வந்த எங்களுக்குக் கோச்சி இல்லாவிட்டால் இந்தப் பாடசாலையும் இல்லை.

மலையகப் பாதை நமக்காகப் போடப்பட்டதல்ல. கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. 1884இல் ஹட்டனுக்கு வந்தது, மறுவருடம் நானுஓயாவுக்கு, 1924இல் பதுளைக்கு. அந்தக் கடைசித் துண்டுக்கும் நம் சங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 44 அடிக்கு ஓரடி ஏறும் பாதை என்பதால் வண்டி ஊர்ந்துதான் வரும். வீட்டுப்பாடம் முடிக்க அந்த வேகம் எங்களுக்கு வசதி.

ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் மாட்டிய டெப்லட்டை எஞ்சின் சாரதியிடம் நீட்டுவார். ஒற்றைப் பாதை அல்லவா, அது கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. எதிர்க் கோச்சி சுணங்கினால் நாங்களும் சுணக்கம். "டெப்லட் வரல்ல மிஸ்" என்பதே எங்கள் நிரந்தரச் சாட்டு. பெரும்பாலும் உண்மையும்கூட.

சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரிந்ததும் ரொட்டியும் சம்பலும் வெளியே வரும். கொட்டகலை தாண்டினால் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு, டீசல் புகை, எங்கள் கூச்சல். 1954 முதல் கனடா தந்த எஞ்சின்களில் அந்நாட்டு மாகாணங்களின் பெயர் எழுதியிருக்கும். ஒன்டாரியோவையும் அல்பேர்ட்டாவையும் நான் படித்தது புவியியல் புத்தகத்தில் அல்ல. இன்று ஒன்டாரியோவிலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் அக்காமார் மன்னிக்க வேண்டும், எனக்கு அது இன்னும் ஓர் எஞ்சின்தான்.

என் அப்பாயி மட்டும் ஒருநாளும் ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதியது. அந்தக் கணக்கில் அவருடைய தங்கையும் ஒருத்தி. தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஏறியவர்களும் கதறினார்கள், நின்றவர்களும் கதறினார்கள். அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், கடைசியில் கூடலூரில் மறுபடியும் தேயிலைத் தோட்டம். சில கடிதங்கள் வந்தன, பிறகு அவையும் இல்லை. "கோச்சி ஏறுனவ திரும்பி வந்தத நான் பாத்ததில்ல" என்பார் அப்பாயி. நான் உயர்தரம் முடிக்கும்வரை ஒவ்வொரு பின்னேரமும் லயத்து வாசலில் நின்றார்.

உள்ளகப் பயிற்சியின்போது பிரசவ வார்டில் ஒரு தாயிடம் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். "ராத்திரி மெயில் போனப்போ டாக்டர்" என்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த தாதி விழித்தார். நான் மணியை எழுதிக்கொண்டேன்.

இப்போது அதே வண்டியில் எல்லவுக்குப் போகும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கிறார்கள். வரட்டும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் வானுக்கு மாறிவிட்டார்கள். அண்மையில் கிளினிக்குக்கு வந்த ஒரு தாய், வான் காசு கட்ட முடியாமல் மகளைப் பத்தாம் தரத்தோடு நிறுத்தப் போவதாகச் சொன்னார். அவர்கள் லயத்திலிருந்து ஸ்டேஷன் கால் மணி நேர நடை. தனியாக ஒரு பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் பதினான்கு பேர் ஒரே பெட்டியில் வந்ததால்தான் எங்களை அனுப்பினார்கள்.

நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்குத் திரைச்சீலை வாங்கப் போவதாக அறிந்தேன். அது ஒரு வருடம் பொறுக்கட்டும். ஒரே பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, அவர்களுக்கு சீசன் டிக்கட் எடுத்துக் கொடுப்போம். முதல் பத்துப் பேருக்கு நான் கட்டுகிறேன். வகுப்பாசிரியைகள் இன்று தேநீர் வேளையில் பெயர்களைத் தந்தால் நல்லது.