குழி ஒன்று வேண்டாம், இரண்டு வேண்டும்
(தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பிறகு கிராமங்களில் ஏராளமான வீடுகளுக்குக் கக்கூஸ் வந்தது. ஆனால் சில வீடுகளில் கதவைத் திறந்தால் உள்ளே விறகும் வறட்டியும் அடுக்கியிருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், "குழி ரொம்பிப் போச்சுன்னா யாருங்க அள்ளுறது? பொம்பளைங்க வேணா போகட்டும், நான் ஏரிக்கரைக்கே போயிக்கிறேன்" என்கிறார்.

ஏரிக்கரையில் விட்டது ஏரிக்கரையிலேயே கிடப்பதில்லை. மழைத் தண்ணீரோடு குளத்துக்கும் கிணற்றுக்கும் வருகிறது. ஈயின் காலில் ஒட்டிக்கொண்டு சோற்றுத் தட்டுக்கு வருகிறது. பிறகு "புள்ளைக்கு வயித்தால போகுது" என்று இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறீர்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். இருட்டுகிற வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் கர்ப்பிணித் தாய்மார்களும் உண்டு.

குழி நிரம்புமே என்ற பயம் நியாயமானதுதான். ஒரே குழி வெட்டியவருக்கு அது வரத்தான் செய்யும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. ஆகவேதான் இரண்டு குழி என்கிறோம்.

ஒவ்வொன்றும் சுமார் 3 அடி அகலம், 4 அடி ஆழம் போதும். இரண்டுக்கும் நடுவே 3 அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள். சுற்றிலும் சந்து விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். அடியில் சிமெண்டு பூசக் கூடாது. தண்ணீரையும் காற்றையும் மண் இழுத்துக்கொள்ளும். ஒரு சமயத்தில் ஒரு குழிக்கு மட்டும் வழி திறந்திருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது நிரம்பச் சுமார் 3 வருஷம் ஆகும். நிரம்பினால் அதை அடைத்து, மற்றதைத் திறந்துவிடுங்கள். அடைத்த குழியை 2 வருஷம் தொடாதீர்கள். பிறகு திறந்தால் நாற்றம் கிடையாது, காய்ந்த எருதான் இருக்கும். தென்னைக்குப் போடலாம். குளிக்கிற தண்ணீரையும் ஆசிட்டையும் மட்டும் குழிக்குள் விடாதீர்கள்.

கிணறு, அடிபம்பிலிருந்து 33 அடியாவது தள்ளி வெட்டுங்கள். பாறை வெடிப்புள்ள இடத்திலும், மழைக்காலத்தில் ஊற்று மேலே வருகிற இடத்திலும் இந்தக் கணக்கு போதாது. வெட்டுவதற்கு முன் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

"தண்ணிக்கு எங்க போறது?" என்று ஓர் அக்கா கேட்டார். சரியான கேள்வி. குடம் சுமப்பவர் அவர்தானே! சரிவு அதிகமுள்ள கிராமத்துப் பீங்கான் வாங்கினால் 2 லிட்டர் போதும். பட்டணத்துப் பீங்கானுக்கு ஒரு வாளி வேண்டும். வாங்கப் போகிற அண்ணன்மார்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. கைக்குழந்தை மலம்தானே என்று குப்பையில் வீசுகிறோம். அதிலும் கிருமி உண்டு, அதையும் கக்கூஸில்தான் போட வேண்டும். கழுவிவிட்ட கைக்குச் சோப்பு போடுங்கள்.

இரண்டு மாதிரிப் பீங்கானும் இங்கே மேஜைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறோம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே வந்து பாருங்கள்.